பெட்டிகளில் ஊர் பெயர் அடித்தவர்

என் மாமா சுந்தரமூர்த்தி ஒருநாளும் ராணுவத்தில் இருந்ததில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். ஏனென்றால், இருந்தார் என்று சொன்னவள் நான்தான். அதை ஆங்கிலத்தில், நல்ல தாளில், அச்சடித்துச் சொன்னேன்.

அவர் பூனாவின் கட்கியில், ராணுவத்துக்குப் பொருட்கள் செய்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். டெஸ்பாட்ச் பகுதி. பொருள் நிரம்பிய மரப்பெட்டிகள் ஆணியடித்து வரும். அவற்றின் மேல் ஆங்கில எழுத்து வெட்டிய தகரத் தகட்டை வைத்து, கறுப்புப் பெயின்டில் தோய்த்த கட்டைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தால் ஊர் பெயர் விழும். ஜபல்பூர், கான்பூர், அம்பாலா, பதான்கோட். பெயின்ட் அதிகமானால் எழுத்து கசியும், குறைந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பெட்டி. அதுதான் வேலை.

மாமாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆரணிக்குப் பக்கத்தில் ஐந்தாவது வரை தமிழில் படித்துவிட்டு பதினெட்டு வயதில் பூனாவுக்கு வந்தவர். ஆனால் அந்த ஊர்களின் பெயர்களை மட்டும் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவார். "தூண்டி முள்ளு மாதிரி ஆரம்பிச்சா ஜபல்பூரு. நடுவுல ஏணி நின்னா பதான்கோட்டு" என்பார்.

நான் ஏழாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். கல்யாணமே செய்துகொள்ளாத மாமா, அம்மாவின் அண்ணன், எங்களோடு கசார்வாடி வீட்டிலேயே தங்கிவிட்டார். கசார்வாடியிலிருந்து கட்கிக்குப் போக வர அவருக்கு ஒரு கறுப்புச் சைக்கிள். கம்பெனி பஸ்ஸில் ஏறியதே இல்லை. மழைக்காலத்தில் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு போவார். எங்கள் தெருப் பெண்கள் சிரிப்பார்கள். கொஞ்சம் பெரியவளானதும் நானும் அவர் போவதை ஜன்னலிலிருந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

2023 மே மாதம் ஓய்வு பெற்றார். ஒரு மாதம் போலச் சும்மா இருந்தார். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்.

"பவுனு, எனக்கு இன்னா ஆசன்னா, அந்த ஊருங்கள ஒரு தபா போய்ப் பாத்துட்டு வரணும்."

"எந்த ஊருண்ணா?"

"பெட்டில அடிச்சேனே, அந்த ஊருங்கதான்."

"அங்க யாரு இருக்கறாங்க நமக்கு?"

"யாரும் இல்ல. முப்பது வருசமா அனுப்பிகினே இருந்தேன். அந்த ஊருங்க நெஜமாவே இருக்குதா இல்லியான்னு பாக்க வேணாமா?"

"இருக்காமயா சம்பளம் குடுத்தான்? சரி, ரயில்ல போய்ட்டு வா."

"ரயில்ல பெட்டிதான் போச்சு. நான் சைக்கிள்ல போறேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அமல்ராஜ் அங்கிளின் பட்டறைக்குப் போய்விட்டார். அமல்ராஜ் அங்கிள் பழைய மும்பை நெடுஞ்சாலை ஓரத்தில் லேத் வைத்திருப்பவர், மாமாவின் ஒரே சிநேகிதர். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா சுந்தரம், ஒனக்கு முன்னாடி இதுக்குத்தான்டா பென்ஷன் குடுத்திருக்கணும். இதுல பதான்கோட்டா? பிம்ப்ரி தாண்டுமா?" என்றார். ஆனால் இரண்டு வாரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். பேரிங் மாற்றி, பின்னால் இரும்புக் கேரியர் ஒன்றைத் தன் கையால் பற்றவைத்து, அதற்கு மட்டும் பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. பாணேரில் ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்கான கையேடுகளை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். என் பெயர் தமிழரசி. அங்கே எல்லோருக்கும் நான் அர்சி. என்னோடு வேலை செய்பவர்கள் பலர் ஒரு சைக்கிள் குழுவில் இருந்தார்கள். ஞாயிறு காலையில் மலையேறி இறங்கிவிட்டு ஒரு கடையில் டீயும் அவல் போஹாவும் சாப்பிடும் கூட்டம். தவணையில் ஒரு சைக்கிள் வாங்கி நானும் சேர்ந்தேன். சைக்கிள் ஓட்டுவதைவிட அந்தப் போஹா மேசையில் உட்காருவதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர்கள் வீடுகளில் அப்பா டாக்டர், அம்மா பேராசிரியை, தாத்தா கர்னல். நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, பழகிக்கொள்ள வேண்டும் என்று மாமா என்னோடு வந்துவிட்டார். முழுக்கால் சட்டையின் கணுக்காலில் கிளிப், ரப்பர் செருப்பு, கறுப்புச் சைக்கிள். பாஷாண் மேட்டில் இருபது பேர் மூச்சுவாங்கிக்கொண்டு கியர் மாற்றிக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு உட்கார்ந்த வாக்கில் எல்லோரையும் தாண்டி மேலே போய், ஒரு மரத்தடியில் நின்று பீடி பற்றவைத்தார்.

மேசைக்கு வந்ததும் சுஷ்மா கேட்டாள். நல்ல பெண். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. "யார் அர்சி அது? செம ஸ்டாமினா! உங்க சொசைட்டி வாட்ச்மேனா?"

எங்களுக்கு அடுக்குமாடி சொசைட்டியே கிடையாது. இரண்டு அறை வீடு. மாமா அப்போது தள்ளி நின்று கடைக்காரரோடு மராத்தியில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் மாமா. ரிடையர்ட் ஆர்மி" என்றேன்.

அது எப்படி வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யோசிக்காமல் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் முன்பே உண்டு. கட்கியிலும் தேஹூ ரோட்டிலும் தொழிற்சாலையில் கூலியாக இருப்பவர்கள்கூடக் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே 'பாதுகாப்புத் துறை' என்று போட்டுக்கொள்வார்கள். யாரும் பொய் என்று சொல்ல முடியாது. நான் அவர்களைவிட ஒரு படி மேலே போனேன், அவ்வளவுதான்.

மேசை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஷ்ரேயஸ் எழுந்தே நின்றுவிட்டான். குழுவை நடத்துபவன் அவன்தான். தமிழன், ஆனால் பிறந்தது முதல் பூனா. "ஸீரியஸ்லி? அதான் அந்த டிசிப்ளின்! அங்கிள் எங்க போறாராம்?" பதான்கோட் என்றதும் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. ராணுவ ஊர். எதற்குப் போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தனியாக நீண்ட தூரம் போகிறவர்களுக்கு எங்கள் குழு இரண்டு பொருள் கொடுக்கும். ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம். வழியில் ஒவ்வொரு ஊரிலும் போலீஸ் ஸ்டேஷனிலோ தபால் ஆபீஸிலோ அதில் முத்திரை வாங்க வேண்டும். இன்னொன்று, போகிறவர் யார், எதற்காகப் போகிறார் என்று சொல்லும் அறிமுகக் கடிதம். கடிதத்தை எழுதும் பொறுப்பு எப்போதும் என்னுடையது. ஆங்கிலம் எழுதுவதுதானே என் தொழில்.

அலுவலகக் கணினியில் உட்கார்ந்து எழுதினேன். 'இந்திய ராணுவத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற வீரர் திரு. சுந்தரமூர்த்தி, நாட்டுக்காக உயிர்நீத்த தம் தோழர்களின் நினைவாக இப்பயணத்தை மேற்கொள்கிறார்.' முதலில் தோழர்கள் இல்லை. பயணத்தின் நோக்கம் என்று ஒரு வரி வேண்டியிருந்தது. பெட்டியில் அடித்த ஊர்கள் இருக்கின்றனவா என்று பார்க்கப் போகிறார் என்று எப்படி எழுதுவது? பைத்தியம் என்பார்கள். அதனால் தோழர்களைச் சாகடித்தேன். ஷ்ரேயஸ் படித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

மாமாவிடம் கடிதத்தைக் கொடுத்தபோது, "இன்னா எழுதிகிது?" என்று கேட்டார்.

"நீங்க பூனாவுல இருந்து பதான்கோட்டுக்குப் போறீங்க, உதவி பண்ணுங்கன்னு மாமா."

"அவ்ளோதானா? இவ்ளோ நீட்டா இருக்குது?"

"இங்கிலீஷ்ல எழுதினா நீளமா வரும்."

அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

நவம்பர் ஒன்பதாம் தேதி கிளம்பினார். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர். மாலை ஆறு மணிக்கு தினமும் போன் செய்வார். அவருக்கு முக்கியம் முத்திரைகள்தான். மராத்திக்காரர்களைப் போல 'சிக்கா' என்பார். "ஜால்னா சிக்கா நல்லா விழுந்துச்சு. அமராவதிக்காரனுக்கு அமுக்கவே தெரியல, மை ஒரு பக்கமா ஓடிப்போச்சு. 'குடுப்பா நான் போட்டுக்கிறேன்'னு நானே வாங்கி அமுக்கினேன்." கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "போலீஸ் ஸ்டேஷன்லயும் போய் வேல செய்யுதா இந்த ஆளு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் ஜபல்பூர். அன்று குரலே வேறாக இருந்தது. "இருக்குது அரசி! போர்டு இருக்குது. தூண்டி முள்ளு அப்படியே இருக்குது. ஆனா என் அளவுக்கு அவன் அடிக்கல, இடம் விட்டு விட்டு அடிச்சிருக்கான். போர்டு கீழவே அரை மணி நேரம் உக்காந்துகினு இருந்தேன்."

நான் சிரித்தேன். மறுநாள் குழுவில் எழுதும்போது 'ஜபல்பூரில் பழைய படைத் தோழர்களை நினைத்து அரை மணி நேரம் மௌனம்' என்று எழுதினேன். நூற்று நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அதை அம்மாவிடம் காட்டவில்லை.

கான்பூர் தாண்டியபின் ஒருநாள் அவர் கேட்டார். "அரசி, இங்க எல்லாரும் என்ன ஃபௌஜி, ஃபௌஜின்றாங்க, பட்டாளத்துக்காரனாம். போலீஸ்காரன் எழுந்து நின்னு சல்யூட் அடிக்கிறான். டாபாவுல துட்டு வாங்க மாட்டேன்றான். நான் அது இல்ல பாபு, பெட்டிக்குப் பேர் அடிச்சவன்னு சொன்னா சிரிக்கிறாங்க. பெருமையே இல்லாத மனுசன்னு சொல்றாங்க. இன்னாவா இருக்கும்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இன்னும் எண்ணூறு கிலோமீட்டர் இருந்தது. கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள் மாமா என்று சொன்னால் முடிந்திருக்கும்.

"வடக்க அப்படித்தான் மாமா. கொஞ்சம் வயசானவங்க, கட்டுமஸ்தா இருந்தா அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"அப்டியா? நல்ல ஜனங்கதான்" என்றார். அவருக்குச் சந்தோஷம். அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்பாலா வந்தது. போர்டு இருந்தது.

டிசம்பர் பதினாறு, சனிக்கிழமை. முடிக்க வேண்டிய கையேடு ஒன்று இருந்ததால் அலுவலகத்தில் இருந்தேன். பதினொரு மணிக்கு மாமாவின் போன். அவர் அந்த நேரத்தில் செய்ய மாட்டார்.

"அரசி, லெட்டர்ல இன்னா எழுதிகிது?"

பின்னால் ஒலிபெருக்கியில் தேசபக்திப் பாட்டு. பலர் பேசும் சத்தம்.

அவர் சொன்னதை இங்கே ஒழுங்காகச் சொல்கிறேன். பதான்கோட்டுக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர் இருந்த ஒரு சிறிய ஊர். எழுபத்தொன்றாம் வருடப் போரில் வென்ற நாள் என்று முன்னாள் ராணுவத்தார் சங்கம் ஒரு கூட்டம் வைத்திருக்கிறது. முத்திரைக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவரின் கடிதத்தைப் படித்த இன்ஸ்பெக்டர், அவரை ஜீப்பில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார். மெடல் குத்திய கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த மேடையில் நடு நாற்காலியைக் கொடுத்திருக்கிறார்கள். அன்று காலையில் ஒரு தாய், எல்லையில் இறந்த தன் மகனின் படத்துக்குப் போட வைத்திருந்த சாமந்தி மாலையை எடுத்துவந்து, இவர் கழுத்தில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். பஞ்சாபியில் என்ன சொன்னார் என்று இவருக்குப் புரியவில்லை. மகனை இழந்தவர் என்பது மட்டும் புரிந்தது. அதன்பிறகு ஒரு சுபேதார் மைக்கில் கேட்டார். எந்த ரெஜிமென்ட்? எந்த வருடம்? எங்கே போஸ்டிங்?

"நான் கட்கில பெட்டிக்கு ஊர் பேர் அடிச்சேன்னு சொன்னேன். சிரிச்சாங்க. மறுபடி கேட்டாங்க. மறுபடியும் அதத்தான் சொன்னேன். அப்புறம் யாரும் சிரிக்கல. லெட்டர வாங்கி, சத்தமாப் படிச்சு, எனக்கு இந்தில சொன்னாங்க."

"மாமா..."

"மாலைய கழட்டச் சொன்னாங்க. கழட்டிட்டேன். அத்த எங்க வெக்கிறதுன்னு தெரியல. அந்தம்மா அங்கதான் நிக்குது. யாரு எழுதினாங்க அரசி அப்படி?"

"கிளப்புல... கிளப்புல தப்பா எழுதிட்டாங்க போல மாமா. நான் கேக்கறேன்."

"கிளப்புலதானா? சரி, சரி. நான் சொல்றேன் இவங்ககிட்ட." அந்த 'சரி'யில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்பதை நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அந்தச் சங்கத்தார் போன் செய்தார்கள். அது ஷ்ரேயஸின் எண். ஐந்து நிமிடத்தில் அவன் எனக்கு அடித்தான். கத்தவில்லை. "அர்சி, ஜஸ்ட் டெல் மீ. அங்கிள் ஆர்மில இருந்தாரா, இல்லையா?"

பொய் சொன்னவர்கள் எல்லோரும் ஒரு இடத்தில் நின்றுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நான் நிற்கவில்லை.

"எங்ககிட்ட எல்லாம் அப்படித்தான் சொல்லியிருந்தார்" என்றேன்.

ஷ்ரேயஸ் மூச்சு விட்டான். "ஓ காட். பாவம் நீ. உனக்கே தெரியாதா?"

அன்று சாயந்திரம் குழுவில் அவன் மூன்று வரி போட்டான். 'திரு. சுந்தரமூர்த்தி தம்மைப் பற்றித் தவறான தகவல் கொடுத்ததால் குழு தன் ஆதரவை விலக்கிக்கொள்கிறது. அர்சியும் ஏமாற்றப்பட்டிருக்கிறாள். அவளிடம் யாரும் கேள்வி கேட்க வேண்டாம்.' சுஷ்மா எனக்குத் தனியாக ஒரு இதயம் அனுப்பினாள்.

மாமா பதான்கோட் போகவில்லை. சைக்கிளைப் பார்சல் வண்டியில் ஏற்றிவிட்டு ரயிலில் வந்தார். பூனா ஸ்டேஷனில் நானும் அமல்ராஜ் அங்கிளும் போய் நின்றோம். மெலிந்து, கறுத்து, தாடி நரைத்து இறங்கினார். அங்கிள் வழக்கம்போல், "இன்னாடா, போர்டு இல்லியா அந்த ஊர்ல?" என்றார். மாமா பார்சல் ஆபீஸ் பக்கம் நடந்தார்.

வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா கேட்டால் அந்தத் தாயைப் பற்றி மட்டும் பேசுவார். "கையப் புடிச்சிகினு அழுவுது பவுனு. நான் இன்னான்னே தெரியாம மாலையப் போட்டுகினு நிக்கிறேன். படிக்கத் தெரியாதவன், கேட்டாவது இருக்கணும் இல்ல? தப்பு என்னுதுதான்." என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "கிளப்புக்காரங்கள ஒண்ணும் சொல்லாத அரசி. தெரியாம எழுதிட்டாங்க. ஒன்னோட வேல செய்ற பசங்க, ஒனக்குத்தான் சங்கடம்."

அந்த நாட்களில் குழுவும் மாமாவும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நான் இரண்டு பரிதாபத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷ்ரேயஸ் எங்கள் வீட்டுக்கு வந்தான். முன்பே சொல்லவில்லை. நான் அவனுக்கு ஒருநாளும் கொடுத்திராத முகவரியை யாரிடமோ வாங்கி, குறுகிய சந்தில் தன் வெள்ளைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அந்தச் சங்கம் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறது, மாமா ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பேசி முடித்துவிடலாம் என்று உதவத்தான் வந்தான்.

மாமா அவனைக் கண்டதும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "பவுனு, தம்பிக்கு சாயா போடு. வா தம்பி. வெயில்ல வந்துகிற." அவன் உட்கார்ந்ததும், அவன் கையைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார். "விடு தம்பி. எழுதறவங்களுக்குத் தப்பு வர்றதுதான். உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. நான் பேசாம வந்துட்டேன்."

ஷ்ரேயஸ் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். அவனுடைய தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். "அங்கிள்... நாங்க தப்பு? இல்ல, நீங்கதான... சாரி சொல்லணும்?"

"நான் எதுக்கு தம்பி?"

"நீங்கதான ஆர்மின்னு சொன்னது? அர்சி கிட்ட?"

மாமா சிரித்தார். ஏதோ மொழி புரியாத குழப்பம் என்று நினைத்திருக்க வேண்டும். விளக்கிச் சொல்வேன் என்று என் பக்கம் திரும்பினார். ஷ்ரேயஸும் திரும்பினான். அடுப்படியிலிருந்து அம்மா டம்ளர்களோடு வந்து நின்றாள்.

"ஐ மேட் இட் அப். ஹீ நெவர் ஸெட் இட்" என்றேன்.

ஷ்ரேயஸின் முகம் மாறியது. மாமாவின் முகம் மாறவில்லை. நான் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தேன். இன்னும் காத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் இன்னொரு தடவை, தமிழில், சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தான் எழுதினேன் மாமா. கிளப்பு இல்ல. நீங்க மிலிட்டரின்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். மாட்டினதும் நீங்கதான் அப்படிச் சொன்னீங்கன்னு இவங்ககிட்ட சொல்லிட்டேன்."

அம்மா டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். டிகிரி முடித்தபின் அவள் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. "இதுக்காடி படிக்க வெச்சோம்?" மாமா கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

பிறகு, என்னிடம் இல்லை, ஷ்ரேயஸிடம் கேட்டார். அவனுக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்று இந்தியில் கேட்டார். "பெட்டிக்கு ஊர் பேர் அடிச்சவன், அந்த ஊருங்களப் பாக்கப் போறான்னு எழுதியிருந்தா, நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டியா தம்பி?"

ஷ்ரேயஸ் தலை குனிந்தான்.

"போட்டிருப்பேன் அங்கிள். எதுக்கு போறீங்கன்னு நான் கேட்டதே இல்ல. சத்தியமா போட்டிருப்பேன்" என்றான்.

அதை நான் நம்புகிறேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் முன்னால் மாமாவை மறைக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அவரைச் சிறியவராக நினைத்தது அந்த மேசையில் நான் ஒருத்திதான்.

அன்றே சங்கத்துக்கு என் பெயரில் எழுதினேன். குழுவிலும் முழுவதையும் எழுதினேன். ஷ்ரேயஸ் தன் மூன்று வரியை நீக்கிவிட்டு மாமாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினான். என்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் போவதை நிறுத்திக்கொண்டேன். சங்கத்திலிருந்து பதில் வரவில்லை. புகாரும் வரவில்லை.

மாமா என்னைத் திட்டவில்லை. 'சாப்ட்டியா', 'மழ வருது, குடை எடுத்துக்கோ' எல்லாம் பழையபடிதான். ஆனால் பென்ஷன் ஆபீஸிலிருந்து ஏதாவது தாள் வந்தால், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போவார். நான் வீட்டில் அவர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். அமல்ராஜ் அங்கிள் இந்தி மீடியத்தில் எட்டாவது. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். மாமா ஒரு மணி நேரம் கழித்து வருவார்.

அடுத்த வருடம் நவம்பரில் சைக்கிளை மறுபடி துடைத்தார். விட்ட ஊர் வரை ரயிலில் போய், அங்கிருந்து மிச்ச அறுபது கிலோமீட்டர். அதற்கு முன்னால் அந்தத் தாயின் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

கிளம்பும் காலையில், பிளாஸ்டிக் உறை மேசைமேல் இருந்தது. உள்ளே கோடு போட்ட நோட்டுத் தாளில் இந்தியில் ஒரு கடிதம். எழுத்து அமல்ராஜ் அங்கிளுடையது. அடியில் மாமாவின் தமிழ்க் கையெழுத்து.

'என் பெயர் சுந்தரமூர்த்தி. ராணுவப் பெட்டிகளில் ஊர் பெயர் அடிக்கும் வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். நான் ராணுவ வீரன் இல்லை. பதான்கோட்டைப் பார்க்க வந்திருக்கிறேன். போன வருடம் ஒரு மாலையைத் தப்பாக வாங்கிக்கொண்டேன். அதைச் சொல்லவும் வந்திருக்கிறேன்.'

நான்கு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. பேனா என் கையில்தான் இருந்தது. தாளைத் திரும்ப உறையில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மாமா உள்ளே வந்து உறையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"நானும் வரட்டா மாமா? லீவு சொல்லிடறேன்."

அவர் குனிந்து கணுக்காலில் கிளிப்பை மாட்டினார்.

"ஆபீஸுக்கு நேரமாவுது பாரு. நீ போ" என்றார்.